நியூ மெக்சிகோ கொடி: பானையிலிருந்து வந்த சூரியன்

அமெரிக்க மாநிலக் கொடிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பல நியூ மெக்சிகோவைப் பற்றியே. எனக்கும் மிகவும் பிடித்த கொடி என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கே: மஞ்சள் துணியில் சிவப்பாக இருப்பது சிலுவையா, சார்?

சூரியன். சியா என்ற பூர்வகுடி ஊர்மக்களின் சின்னம். நடுவில் வட்டம், நான்கு பக்கமும் நான்கு நான்கு கதிர்கள். அவர்களுக்கு நான்கு புனிதமான எண். திசைகள் நான்கு, பருவகாலங்கள் நான்கு. விடியல், நண்பகல், மாலை, இரவு என்று பொழுதும் நான்கு. பிள்ளைப் பருவம், இளமை, நடுவயது, முதுமை என்று ஆயுளும் நான்கு. இத்தனையையும் தொடக்கமும் முடிவும் இல்லாத அந்த வட்டம் சேர்த்துப் பிடிக்கிறது.

கே: அந்த இரண்டு நிறங்கள் ஏன்?

அந்த மண்ணை முன்பு ஆண்ட ஸ்பெயினின் நிறங்கள் அவை.

கே: வடிவமைத்தது யார்?

ஹாரி மேரா. சாண்டா ஃபேயில் மருத்துவர், தொல்லியலிலும் ஈடுபாடு உள்ளவர். 1920களில் நடந்த போட்டியில் அவர் வடிவம் வென்றது. முதல் கொடியைத் தைத்தது அவர் மனைவி ரீபா. 1925-ல் அது அதிகாரபூர்வ கொடியானது.

கே: இதை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

2001-ல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் அமெரிக்க, கனடிய மாநிலங்கள், ஆட்சிப்பகுதிகள் எல்லாம் சேர்ந்த 72 கொடிகளில் இதற்குத்தான் முதலிடம். நிறம் இரண்டு, சின்னம் ஒன்று, எழுத்தே கிடையாது. பள்ளிப் பிள்ளை நினைவிலிருந்து வரைந்துவிடும். வேறு பல மாநிலங்கள் நீலத் துணியில் அரசு முத்திரையை ஒட்டிவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் எது எந்த மாநிலம் என்றே புரியாது.

கே: சியா மக்களிடம் அனுமதி கேட்டார்களா?

இல்லை. என்னை உறுத்துவதும் இதுதான். மேரா அந்தச் சூரியனைப் பார்த்தது அருங்காட்சியகத்தில் இருந்த சியா பானை ஒன்றில். அவர்களுக்கு அது சடங்குகளோடு சேர்ந்த சின்னம். ஆனால் அது கொடியில் ஏறியபின் வண்டி நம்பர் பிளேட், கடைப் பலகை என்று எங்கும் பரவிவிட்டது. மாநிலச் சட்டமன்றக் கட்டடம்கூட மேலிருந்து பார்த்தால் அதே வடிவம்தான். அந்தப் பானை 2000-ல்தான் ஊர் திரும்பியது. சியா மக்கள் மாநிலத்திடம் இழப்பீடும் கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் தன் விமானம் ஒன்றில் இதை வரைவதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம், தன் கொடியில் இருந்த அதே சூரியனை 2018-ல் எடுத்துவிட்டது.

கே: எங்கள் குழு டி-ஷர்ட்டில் இதை அச்சிடலாமா, அண்ணா?

முதலில் சியா ஊர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தம்பி. பதில் வந்தபிறகு அச்சுக்குக் கொடுங்கள்.