இரவிகுளமும் வரையாடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலையில் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தவன் என்பதால், மூணாறு, வட்டவடை, போடி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

கேள்வி (போடி ஆசிரியர்): பிப்ரவரி இறுதியில் மாணவர்களுடன் வந்தோம், இரவிகுளம் வாயில் பூட்டியிருந்தது. பொதுச் சொத்தைப் பூட்டலாமா?

பதில்: பொதுச் சொத்துதான். வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களமாக இருந்த இந்த மலை, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் வசமாகி, 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. சுமார் 97 சதுர கிலோமீட்டரில் மக்கள் நடக்கத் திறந்திருப்பது இராஜமலைச் சரிவின் ஒரு துண்டுதான். அதுவும் வரையாடு குட்டி ஈனும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மூடப்படும். அங்குள்ள ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடாததால் தொல்லையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஒருமுறை, படமெடுக்க ஒருவர் ஓரடி முன்னே வைத்ததும் தாய் பாறைமேல் தாவிவிட, குட்டி சாலையோரச் சுவரின் கீழ் கால் மணி நேரம் கத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான். தேர்வு முடிந்து ஏப்ரலில் வாருங்கள்.

கேள்வி (சூரியநெல்லி, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி): வெறும் புல்லாகக் கிடக்கிறதே, மரம் நட்டால் என்ன?

பதில்: நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் தவறான கேள்வி இது. மலை மடிப்புகளில் சோலைக்காடும் திறந்த சரிவுகளில் புல்லும் இருப்பது இந்த உயரத்தின் இயல்பு; யாரும் மரத்தை வெட்டி உண்டாக்கியதன்று. மழை ஓய்ந்து சில நாள் கழித்தும் அந்தப் புல்லில் கால் வைத்தால் தண்ணீர் கசியும். அந்த ஈரமே கோடையிலும் ஓடையாக இறங்குகிறது. யூக்கலிப்டசும் சீகை எனும் வாட்டில் மரமும் பரவிய இடத்தில் புல் மடிகிறது. புல் மடிந்தால் வரையாட்டுக்கு மேய்ச்சலும் இல்லை, சிறுத்தை வருவதைத் தொலைவிலேயே காணும் வெட்டவெளியும் இல்லை.

கேள்வி (வட்டவடை விவசாயி): 2006இல் அறிவித்த குறிஞ்சிமலை சரணாலயத்தால் எங்கள் மாடுகளின் மேய்ச்சல் நின்றுவிடுமா?

பதில்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு இடமில்லை, சரணாலயத்தில் அதை ஒழுங்குபடுத்தவும் தடுக்கவும் வனத்துறைக்கு அதிகாரம் உண்டு, ஆயினும் விசாரணையில் நிலைநாட்டப்படும் உரிமைகளைத் தொடர அனுமதிக்கவும் வழி இருக்கிறது. பட்டா, வரி ரசீதுகளுடன் எழுத்திலேயே உரிமை கோருங்கள், வாய்மொழி நிற்காது.

கேள்வி (மூணாறு மாணவி): 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030இல் பூக்கும்போது ஒரு கொத்துப் பறிக்கலாமா?

பதில்: கூடாது. அந்தச் செடி ஒரே முறை பூத்து, விதை உதிர்த்துப் பட்டுப்போகும். நீங்கள் பறிக்கும் கொத்தில்தான் 2042இல் பூக்க வேண்டிய செடிகளின் விதை இருக்கும்.