வாகனம் – வாசகர் கேள்வி பதில்: முற்றத்தில் எஞ்சின் ஆயில் மாற்றலாமா?

கேள்வி: எங்களிடம் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் உள்ள டொயோட்டா ஃபார்ச்சூனர் இருக்கிறது. சர்வீஸ் பிளான் முடிந்துவிட்டது. எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம் என்கிறான் என் மகன். என் கணவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலுள்ள உறவினர் வீட்டுக்கு இதே வண்டியில் போக வேண்டும். துணிந்து செய்யலாமா? எதில் கவனம் வேண்டும்?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாகச் செய்யலாம், அம்மா. உங்கள் மகன் பொறுமைசாலியாக இருந்தால் போதும். இந்த வேலைக்கு அரிய திறமை எதுவும் தேவையில்லை. ஆனால் கவனம் தவறினால் பெரிய சேதம் விளைவிக்கும் இடங்கள் இரண்டு மூன்று உண்டு. அவற்றைச் சற்று விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில் வண்டி நிற்கும் இடம். சாட்ஸ்வொர்த்தில் மேட்டிலும் சரிவிலும் கட்டிய வீடுகளே மிகுதி; பல வீடுகளில் கேட்டிலிருந்து கராஜ் வரை சாய்தளம்தான். அப்படிப்பட்ட சாய்வில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். வண்டி உருளும் ஆபத்து ஒருபுறம் இருக்க, சாய்வில் நிற்கும் எஞ்சினில் பழைய ஆயில் முழுவதும் வடியாது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் காட்டும் அளவும் பொய்யாகிவிடும். சமதளமான இடம் வீட்டில் இல்லையென்றால், அது உள்ள உறவினர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டு போவதே முறை.

ஃபார்ச்சூனர் போன்ற உயரமான வண்டியில் ஒரு வசதி உண்டு. நடுத்தர உடம்புக்காரர் ஒருவர், வண்டியைத் தூக்காமலே அடியில் நுழைந்துவிட முடியும். அதனால் தூக்காமல் செய்ய முடிந்தால் தூக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், வண்டியின் எடையைத் தாங்கும் தரமுள்ள ஆக்ஸில் ஸ்டாண்டுகளைக் கையேடு காட்டும் இடங்களில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, வண்டியை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். வண்டியோடு வரும் ஜாக் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதை நம்பி ஒரு நிமிடம்கூட வண்டியின் கீழே படுக்கக் கூடாது. செங்கல், சிமெண்ட் கல் ஆகியவற்றை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் பழக்கம் நம்மவர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கல் எந்த எச்சரிக்கையும் தராமல் நொறுங்கிவிடும். உங்கள் கணவர் எதில் கண்டிப்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் கண்டிப்பாக இருக்கட்டும்.

அடுத்தது ஆயில். உங்கள் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ 7.5 லிட்டர் தேவைப்படும். ஆகவே 5 லிட்டர் கேன் இரண்டு வாங்க வேண்டியிருக்கும், மிஞ்சுவதை இடையில் ஊற்றிக்கொள்ளப் பத்திரமாக வைக்கலாம். தரமும் தடிப்பும் கையேட்டில் குறித்தபடியே இருக்க வேண்டும். வெயில் ஊருக்குத் தடித்த ஆயிலே நல்லது என்று பழைய கார்களை ஓட்டிய பெரியவர்கள் 20டபிள்யூ-50 ஆயிலைச் சிபாரிசு செய்வார்கள். அவர்கள் ஓட்டிய எஞ்சினுக்கு அது சரிதான். ஆனால் இன்றைய டர்போ டீசல் எஞ்சினில் இடைவெளிகள் மிக நுண்ணியவை. குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய அந்தச் சில நொடிகளுக்குள் ஆயில் டர்போவரை போய்ச் சேர வேண்டும், தடித்த ஆயில் அங்கே தாமதிக்கும். வண்டியில் டீசல் துகள் வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைவாக விடும் வகை ஆயிலையே ஊற்ற வேண்டும். இல்லையேல் அந்த விலையுயர்ந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

இனி வேலை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் நன்றாக வடியும், அழுக்கையும் சேர்த்துக் கொண்டுவரும்; நெடுந்தூரம் ஓடி வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அடியில் எஞ்சினைக் காக்கும் தகடான பாஷ் பிளேட் மறைத்தால் அதைக் கழற்றுங்கள். டர்பனின் உப்புக் காற்றில் அதன் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கக் கூடும் என்பதால், முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து வைப்பது நல்லது. ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவருக்குத் திசை குழம்பும். பலர் கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். 10 லிட்டராவது கொள்ளும் அகலமான தட்டை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆயில் நேர் கீழே விழாமல் சற்றுத் தள்ளிப் பீய்ச்சும்.

வடிந்து முடிந்ததும் போல்ட்டைப் புதிய வாஷருடன் முதலில் கையால் மாட்டுங்கள். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கிய வடிவத்தில்தான் இருக்கும், மறுபடி சரியாக அடைக்காது. சில ராண்டுக்குக் கிடைக்கும் பொருளில் சிக்கனம் வேண்டாம். டொயோட்டா எஞ்சின்கள் பலவற்றில் இந்தப் போல்ட்டுக்குரிய இறுக்கம் ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர். அது பலரும் நினைப்பதைவிடக் குறைவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று இரவல் கிடைத்தால் அதைக் கொண்டே இறுக்குங்கள். வலிமையைக் காட்டி இறுக்கி எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் ஆயில் பானின் மரை போய்விட்டால், அதற்கு ஆகும் செலவு பல சர்வீஸ்களின் மிச்சத்தை ஒன்றாக விழுங்கிவிடும்.

இப்போது ஃபில்டர். இந்த வேலையிலேயே எஞ்சினை ஒரேயடியாகப் பாழாக்கக் கூடிய தவறு இங்கேதான் நிகழ்கிறது. குப்பி வடிவ ஃபில்டரைத் திருகிக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். கறுத்த உலோகத்தின்மேல் கறுத்த வளையம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். சும்மா நிற்கும்போது ஒழுகாது, ஆயில் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் சாலையில் கொட்டிவிடும். ஜோகன்னஸ்பர்க் போகும் வழியிலுள்ள வான் ரீனன் கணவாய் ஏறும்போது அப்படி நடந்தால் எஞ்சின் மிஞ்சாது. ஆகவே கழற்றிய பழைய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்; எஞ்சினில் ஃபில்டர் அமரும் இடத்தையும் சுத்தமான துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். புதிய ஃபில்டரின் வளையத்தில் புதிய ஆயிலைத் தடவி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று, அல்லது ஃபில்டர்மேல் அச்சிட்டுள்ளபடி, கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும். பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் வைக்கும் வகை வண்டிகளில் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும்.

முழு அளவையும் ஒரேயடியாக ஊற்றிவிடாமல் முதலில் 6.5 லிட்டர் அளவுக்கு ஊற்றி, எஞ்சினை முடுக்குங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒரு நிமிடம் ஓடிய பின் நிறுத்தி, அடியில் டார்ச் அடித்து போல்ட்டையும் ஃபில்டரையும் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து, மேல் குறிக்கு வரும்வரை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஞ்சினுள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் உராய்வைத் தடுக்காது. லெனேசியா பயணத்துக்கு முதல் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகவே முடித்து, உள்ளூரில் ஓட்டி, ஒழுக்கு இல்லையென்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வதென்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அதை வடிகாலில் ஊற்றாதீர்கள். சாட்ஸ்வொர்த்தின் ஒருபுறம் ஓடும் உம்லாட்டுசானா ஆறு டர்பன் துறைமுகக் குடாவில்தான் கலக்கிறது; அங்கே எஞ்சியிருக்கும் சதுப்புக் காட்டை நம் தெருவில் ஊற்றிய ஆயில் போய்த் தொடும். வேலியின் மரக் கம்பங்களில் கறையானுக்காகப் பூசுவதும் வேண்டாம். பழைய ஆயில் தோலில் அடிக்கடி படுவது புற்றுநோய்க்கு இடம் தரக்கூடியது என்பதால் மகன் கையுறை அணிந்தே வேலை செய்யட்டும். வடிந்த ஆயிலைக் காலியான கேன்களில் ஊற்றி மூடி, தண்ணீரோ டீசலோ கலக்காமல், பழைய ஆயில் ஏற்கும் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். 1994 முதல் தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே இயங்கும் ரோஸ் ஃபவுண்டேஷனிடம் அருகிலுள்ள இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: என் வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருக்கிறது. நானே ஆயில் மாற்றினால் உத்தரவாதம் போய்விடுமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 1 ஜூலை 2021 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, உத்தரவாதக் காலத்திலேயே தனியார் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அங்கே செய்த வேலையால் ஏற்பட்ட பழுதுக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க மாட்டார். வீட்டில் நீங்களே செய்தால், சரியாகச் செய்தீர்கள் என்று காட்டும் சான்று உங்கள் கையில் குறைவாகவே இருக்கும். ஆகவே உத்தரவாதம் முடியும்வரை பட்டறையில் செய்து பில்லை வைத்துக்கொள்வதே என் யோசனை. சர்வீஸ் பிளான் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதற்கான பணத்தை வண்டி வாங்கியபோதே கொடுத்துவிட்டீர்கள்.

கேள்வி: என் டீசல் பக்கியில் (பிக்கப் வண்டி) புதிய ஆயில் ஊற்றிய மறுநாளே கறுத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், மெர்பேங்க்

பதில்: உங்களுடையது டீசல் பக்கி என்று எழுதியிருப்பதால், இதற்காகக் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டீசல் எரியும்போது உண்டாகும் கரியைத் தன்னுள் மிதக்கவைத்து ஃபில்டருக்கும் வெளியேயும் கொண்டு சேர்ப்பது ஆயிலின் வேலை. எஞ்சினில் தங்கிய பழைய ஆயிலில் உள்ள கரியே புதியதைக் கறுக்கச் செய்யப் போதும். நிறத்தைவிட வேறு அறிகுறிகளையே கவனியுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். டிப் ஸ்டிக்கில் அளவு தானாகவே ஏறிக்கொண்டு வந்து, டீசல் வாடையும் அடித்தால், எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது. இவ்விரண்டில் எது தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.