பேக்கிங் பவுடர் பொங்குவது ஏன்? ஒரு கேள்வி பதில்

கேள்வி: ஐயா, டப்பாவுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் பேக்கிங் பவுடர், தண்ணீர் பட்டதும் நுரைப்பது எதனால்?

பதில்: அந்தப் பொடியில் சமையல் சோடாவான சோடியம் பைகார்பனேட்டும், உலர்ந்த அமில உப்பு ஒன்றோ இரண்டோ, அவற்றுடன் சோள மாவும் கலந்திருக்கும். உலர்ந்திருக்கும் வரை சோடாவும் அமிலமும் அருகருகே இருந்தும் அவற்றின் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள்) படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. தண்ணீர் இரண்டையும் கரைத்தவுடன், அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி பைகார்பனேட்டுடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, அது நொடியில் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடுகிறது. ஒரு கிராம் சோடா முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 300 மில்லி லிட்டர் வாயு, அதாவது ஒரு பெரிய டம்ளர் நிறைய, கிடைக்கும். சோள மாவின் வேலை, காற்றின் ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் காப்பது.

கேள்வி: பச்சைத் தண்ணீரில் நுரைத்து அடங்கிய பொடியின் மேல் வெந்நீர் ஊற்றினேன், மறுபடியும் பொங்கியது. முதல் முறையே தீர்ந்துபோயிருக்க வேண்டாமா?

பதில்: மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பொடிகளில் பல, இருமுறை வினைபுரியும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் உள்ள மோனோகால்சியம் பாஸ்பேட் குளிர்ந்த நீரிலேயே கரைந்து உடனே வேலையைத் தொடங்கும். சோடியம் அலுமினியம் சல்பேட் போன்ற இன்னொரு அமில உப்போ சூடு ஏறிய பிறகுதான் முழு வேகத்தில் அமிலத்தைத் தரும். நீங்கள் கண்ட இரண்டாவது பொங்கல் பெரும்பாலும் அதனுடையதே. இன்னொரு காரணமும் உண்டு: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 60 டிகிரியில் 0.6 கிராம் அளவே தாங்கும். ஆகவே முன்பு கரைந்திருந்த வாயுவும் சூட்டில் வெளியேறுகிறது. கேக் மாவைக் கலக்கும்போது உண்டாகும் சிறு குமிழ்கள், அடுப்புக்குள் இந்த இரண்டாவது வாயுவால்தான் பெருக்கின்றன. எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

கேள்வி: எண்ணெயில் போட்டால்?

பதில்: ஒன்றும் நடக்காது. எண்ணெயில் அந்த உப்புகள் கரைவதில்லை. பொடி அடியில் படியும்.

கேள்வி: பாலில் எழும் நுரை தண்ணீரில் எழுவதைவிட நெடுநேரம் நிற்கிறதே, பாலில் வாயு அதிகம் வருகிறதா?

பதில்: இல்லை, ஒரே அளவு பொடியிலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு வாயுதான் வரும். பாலில் உள்ள புரதங்கள் குமிழைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிந்து அது உடையாமல் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு டம்ளர்களையும் காதருகே வைத்துக் கேளுங்கள். தண்ணீரில் சடசடவென்று வெடிக்கும் ஒலி பாலில் மங்கலாகவே கேட்கும்.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைப் போட்டபோது டம்ளர் சில்லென்று ஆனது. பொங்குவது சூடாகத்தானே வேண்டும்?

பதில்: இது வெப்பத்தை உள்வாங்கும் வினை. தனக்கு வேண்டிய வெப்பத்தைச் சாற்றிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் எடுத்துக்கொள்வதால், உங்கள் விரலுக்குக் குளிர்ச்சி தெரிகிறது.

கேள்வி: பேக்கிங் பவுடர் இல்லாதபோது ஆப்ப சோடா போடலாமா?

பதில்: புளித்த மாவிலும் தயிர் சேர்த்த மாவிலும் லாக்டிக் அமிலம் ஏற்கெனவே இருப்பதால் சிட்டிகை ஆப்ப சோடா போதும். புளிப்பே இல்லாத பால் கேக்கில் அதைப் போட்டால், வினைபுரிய அமிலம் போதாமல், சூட்டில் சிதையும் சோடா காரத்தன்மை மிகுந்த சோடியம் கார்பனேட்டை விட்டுச் செல்லும். சோப்பு போன்ற சுவை அதனால்தான். சோடாவுடன் சிறிது எலுமிச்சைச் சாறோ தயிரோ சேருங்கள், கலந்தவுடன் தாமதிக்காமல் அடுப்பில் வையுங்கள்.

கேள்வி: பழைய டப்பா இன்னும் வீரியத்தோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: அரைத் தேக்கரண்டிப் பொடியின் மேல் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள். உடனே மேலெழுந்து நுரைத்தால் நல்லது. சோம்பலாக ஓரிரு குமிழ்கள் மட்டும் வந்தால், ஈரம் புகுந்து அந்த வினை டப்பாவுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது.