டெங்கு காலத்தில் மையத்தை மூட வேண்டுமா?

கேள்வி: திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் நடத்துகிறேன். மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள 19 பேர் வருகிறார்கள். மழை தொடங்கியதிலிருந்து ஊரில் டெங்கு. எங்கள் பிள்ளைகளிலும் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஊர்க்காரர்கள் மையத்தை மூடச் சொல்கிறார்கள். சில பெற்றோரோ, "நாங்க வேலைக்குப் போகணும், ராத்திரியும் அங்கேயே வச்சுக்கங்க" என்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்ட் இப்போது வர யோசிக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். மூட வேண்டாம். இந்த வாரமே நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொற்று என்றதும் பூட்டைத் தேடும் பழக்கம் நமக்கு 2020-இல் கொரோனாவோடு வந்தது. அது மூச்சுக்காற்றில் பரவிய நோய், அதனால் கூட்டத்தைக் கலைத்தோம். டெங்கு அப்படிப் பரவுவதில்லை. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்ததால் அடுத்தவருக்கு வராது. அவரைக் கடித்த ஏடிஸ் கொசு சில நாள் கழித்து இன்னொருவரைக் கடித்தால்தான் வரும். அந்தக் கொசு கடிப்பதும் பெரும்பாலும் பகலில். ஆகவே காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை உங்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கொசு இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். வீட்டுக்கு நாலு டிரம் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் தெருவைவிட, கொசுப்புழு இல்லாத மையம் அவர்களுக்குப் பாதுகாப்பு. ஊராரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். நாளைக்கு வயிற்றுப்போக்கு பரவினால் குடிதண்ணீரையும் கையையும் கவனிக்க வேண்டும். மூச்சில் பரவும் நோய் வந்தால் கட்டடத்தைப் பூட்டிவிட்டு நீங்கள் வீடுவீடாகப் போக வேண்டும். எது வந்தாலும் வேலை நிற்கக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது இதே கரையில்தான் வேலை செய்தேன். நான் போய்வந்த மையத்தையும் மூடினோம். அந்த முடிவில் நானும் இருந்தேன். கட்டடத்தை மூடியது சரி. அதற்குப் பிறகு வீடுகளுக்கு யாரும் போகாமல் விட்டதுதான் தப்பு. ஏழு மாதம் கழித்து ஒரு பையனைப் பார்த்தேன். 9 வயது. மார்ச் மாதம் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிக் கருவி) மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி எட்டு அடி வைத்தவன். அவன் அம்மா காலிப்பரைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். தோல்பட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டு முழங்காலும் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. மெல்ல நீட்டப் பார்த்தேன். வலி தாங்காமல் என் கையைத் தள்ளிவிட்டான். கொரோனா அவனுக்கு வரவே இல்லை.

சரி, முதலில் தண்ணீர். நம் பக்கம் தண்ணீர் நாள்விட்டு நாள்விட்டுத்தான் வரும், அல்லது லாரி வர வேண்டும். 'தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டினால் எந்தத் தாயும் கேட்க மாட்டார், கேட்கவும் முடியாது. கொட்டச் சொல்லாதீர்கள், மூடச் சொல்லுங்கள். பழைய வேட்டித் துணியை டிரம்மின் வாயில் இறுக்கி, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டினால் போதும். லாரி வருவதற்கு முன் டிரம் காலியாகும் அந்த ஒரு மணி நேரத்தில் உள்பக்கச் சுவரை நார் வைத்துத் தேய்க்க வேண்டும். வெறுமனே அலசினால் போகாது. ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும், அதனால் வாரம் ஒருமுறை தேய்த்தால் சங்கிலி அறுந்துவிடும். மையத்தைச் சுற்றிக் கடற்கரைக் கண்ணோடு பாருங்கள்: ஓட்டை விழுந்த தெர்மாகோல் மீன்பெட்டி, படகு இடிபடாமல் இருக்கக் கட்டிய டயர், கரையில் ஏற்றி வைத்த பழைய வள்ளத்தின் அடிப்பள்ளம், தேங்காய்ச் சிரட்டை. காலி செய்யவே முடியாத தொட்டிக்கு கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பிள்ளைகளின் உடம்பு. பாயில் படுத்திருந்த ஒரு சிறுமியின் கணுக்காலில் கொசு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் கண் அதன் மேலேயே இருந்தது. கை மட்டும் வரவில்லை. அது குடித்து முடித்து வயிறு சிவந்து பறக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். நம் பிள்ளைகளில் பலர் கொசுவை அடிக்க முடியாதவர்கள், கடித்தது என்று சொல்லவும் தெரியாதவர்கள். பாயிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்களுக்கு முழுக்கால் பைஜாமா, காலுறை, பகலிலும் கொசுவலை. ஜன்னல்களுக்குக் கொசுவலைத் துணி அடியுங்கள். நம் ஊரில் வலைக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் மீன்வலையின் கண் கொசுவுக்குப் பெரிது. கொசுவிரட்டிக் களிம்பை, வாயில் கை வைக்கும் பிள்ளைகளின் கையில் தடவாதீர்கள். காலிலும் பின்கழுத்திலும் தடவலாம். சளி இருமல் உள்ளவர்கள் பக்கத்தில் கொசுவர்த்தியும் வேண்டாம், வேப்பிலைப் புகையும் வேண்டாம்.

இனி, நாளைக் காலையே செய்ய வேண்டிய ஒன்று: 19 பேரின் எடையையும் பாருங்கள். நிற்க முடியாத பிள்ளையை அம்மா தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறட்டும். பிறகு அம்மா மட்டும் ஏறட்டும். கழித்தால் பிள்ளையின் எடை. இது ஏன் இவ்வளவு முக்கியம்? பாரசிட்டமால் அளவு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கு. மூளை முடக்குவாதம் உள்ள 11 வயதுப் பிள்ளை 14 கிலோதான் இருக்கக்கூடும். 'பதினோரு வயசுதானே' என்று 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை முழுசாகக் கொடுத்தால், அது கொடுக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸுக்கும் இதே எடைக் கணக்குத்தான், அவசரத்தில் அங்கே கண்ணளவில் போட்டுவிடும் ஆபத்து உண்டு.

அந்த எடையை முதல் வரியாக வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். என்ன குறைபாடு, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்கு ஒவ்வாமை, எப்படிச் சாப்பிடுவார், வலித்தால் என்ன செய்வார். கடைசியில் சொன்னதற்கு அம்மாவைத்தான் கேட்க வேண்டும். "வயித்து வலின்னா இவன் இடது காதைப் பிடிச்சு இழுப்பான்" என்று ஒரு தாய் சொன்னார். எந்த டாக்டரின் பதிவேட்டிலும் அது இருந்ததில்லை. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி மையத்தில், ஒரு பிரதி கிராம சுகாதாரச் செவிலியரிடம்.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தனியாகக் குறியுங்கள். காய்ச்சலே வலிப்பைத் தூண்டும். அந்த நேரத்தில் மாத்திரையும் நின்றால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நாள் மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 'இருக்கு, இருக்கு' என்ற பதிலை ஏற்காமல் டப்பாவைத் திறந்து அட்டையை எண்ணுங்கள். இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் உடனே வாங்க வைக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் நேரம் போக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

டெங்கு வந்தவர்களுக்கு இன்னும் சில எச்சரிக்கைகள். கை கால் இறுக்கத்தின் வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்துப் பழகிய வீடுகள் பல; டெங்கு சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அவை கூடாது, ஆஸ்பிரினும் கூடாது, இரத்தக்கசிவு வரக்கூடும். தசையில் போடும் ஊசியும் வேண்டாம். 'ஒரு ஊசி போட்டா நின்னுடும்' என்று கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோரிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். வலிப்புக்காக சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தே இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைக்கக் கூடும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பயந்து நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்.

பெரும்பாலோர் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில். 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அப்போதுதான் உடல்நிலை சரிய வாய்ப்பு அதிகம். பேசும் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிடும். பேசாத பிள்ளைக்குச் சிறுநீர் குறைகிறதா, வாந்தி நிற்காமல் வருகிறதா, ஈறில் இரத்தமா, கைகால் சில்லிட்டிருக்கிறதா, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்குகிறதா, அல்லது வழக்கத்துக்கு மாறாகக் கத்துகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். இதில் ஒன்று தெரிந்தாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீராகாரத்தை விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் படுக்க வைத்து ஊற்றவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியில், கொஞ்சம் கெட்டியான கஞ்சியாகக் கொடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் புரையேறினால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் பற்றி: அவருக்கும் கொசு பற்றி நான் மேலே எழுதியதைச் சொல்லுங்கள், வந்துவிடுவார். வரமுடியாத நாட்களுக்காக ஒவ்வொரு தாய்க்கும் மூன்றே மூன்று பயிற்சிகளை அவரே கற்றுக்கொடுக்கட்டும். பத்து சொன்னால் ஒன்றும் நடக்காது. பின்தொடை நீட்டுதல், குதிகால் நீட்டுதல், குப்புறப் படுக்க வைத்தல். பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தும், யாருக்கு எது கூடாது என்பதை அவர் சொல்வார். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். படகு கரையில் நிற்கும் நாளாகப் பார்த்து அனுப்புங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் பட்டியலில் படுக்கையிலேயே இருப்பவர்களின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியர்களிடமும் வீட்டுவழிப் பயிற்சி கேட்கலாம்.

இரவில் தங்க வைக்கும் யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. நண்டு கம்பெனிக்கு விடியுமுன் போகிற தாய்க்கு ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது. ஆனால் இரவுக் காவலுக்கு ஆள் இல்லாமல், 'ஓடிவிடுவான்' என்று வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுவதில்தான் இது போய் நிற்கும். இதே மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநலப் பாதிப்புள்ளோரைத் தங்க வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தங்கும் இல்லம் நடத்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 50-ஆம் பிரிவின்படி பதிவுச் சான்று வேண்டும். அவசரம் என்பதால் அது இல்லாமல் தொடங்கக் கூடாது. அதற்குப் பதில் மையத்தின் நேரத்தைக் காலை 6 மணியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு இரண்டு வீடாக இணைத்து, ஒரு தாய் வேலைக்குப் போகும் நாளில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளும்படி முறை வையுங்கள். ஒரே தெருவில் இருப்பவர்களை இணைத்தால் இது நடக்கும். தூரமாக இருந்தால் மூன்றாம் நாளே நின்றுவிடும்.

அதிகாரிகளிடம் பேசும்போது கெஞ்ச வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவை வைத்திருப்பதும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகுந்த முறையில் தெரிவிப்பதும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பொறுப்பு என்கிறது. 25-ஆம் பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை தருகிறது. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், பராமரிப்பாளர்கள் ஊரடங்கிலும் போய்வர அனுமதிச் சீட்டு தரச் சொன்னது. நாளை அப்படி ஒரு நிலை வந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். உங்கள் 19 பேரின் பட்டியலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) எண் இல்லாதவர் பெயரையும் சேர்த்தே கொடுங்கள்.

இப்போது காய்ச்சலில் இருக்கும் அந்த இரண்டு பிள்ளைகள். காய்ச்சல் தொடங்கி முதல் 5 நாளாவது அவர்கள் வீட்டில், பகலிலும் வலைக்குள் இருக்கட்டும். அந்த நாட்களில் அவர்களைக் கடிக்கும் கொசுதான் தெருவுக்கே நோயைக் கொண்டுபோகும். காய்ச்சல் விட்டு, முன்போல் சாப்பிட்டு, இரண்டு நாள் தெம்பாக இருந்தால் மையத்துக்கு வரலாம். அதுவரை தினமும் ஒருவர் போய்ப் பாருங்கள். போகும்போது அவர்கள் மையத்தில் விரும்பி விளையாடும் பொருள் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் திடீரென வழக்கம் நின்றுபோவது காய்ச்சலைவிடப் பெரிய வேதனை; தெரிந்த பொருள் ஒன்று கையில் இருந்தால் வலைக்குள் கொஞ்ச நேரம் கூடுதலாகப் படுத்திருக்கும்.