நல்ல புருஷன், நிறைஞ்ச வீடு, கைல குழந்தை, அப்பவும் ஏன் தனியா இருக்கற மாதிரியே இருக்கு?

"கணவர் நல்லவர், மாமனார் மாமியார் கூடத்தான் இருக்கோம், ஒரு வயசுல பையன் இருக்கான், ஆனா யாருமே இல்லாத மாதிரி இருக்கு, இது எனக்கு மட்டுமா"ன்னு கேட்டிருக்கீங்க. உங்களுக்கு மட்டும் இல்லங்க. பையன் தூங்குனப்பறம் பாத்ரூமுக்குள்ள போய்த்தான் இத டைப் பண்ணியிருப்பீங்கன்னு நினைக்கறேன், எனக்கும் இந்த வீட்ல தாழ்ப்பா போட்டுக்கற இடம் அது ஒண்ணுதான்.

முன்னாடியே சொல்லிடறேன், இது புருஷன குறை சொல்ற பதில் கிடையாது. குடிக்கறதில்ல, கை நீட்டறதில்ல, சம்பாதிச்சுக் குடுக்கறாரு, அப்பறம் என்னம்மா உனக்குன்னு கீழ கமெண்ட் போட ரெடியா இருப்பீங்க, அதெல்லாம் எனக்கும் தெரியும், எங்கம்மாவே சொல்லிட்டாங்க. வேற எங்கயாச்சும் மனசு போயிருச்சான்னு கேக்கறவங்களும் வருவாங்க, இல்லைங்க, அதுக்கெல்லாம் எனக்கு நேரமும் இல்ல.

நான் பொறந்து வளந்தது ஏற்காடு. அப்பா காப்பி எஸ்டேட்ல ரைட்டரா, அதாவது கணக்கு எழுதறவரா இருந்தாரு. கட்டிக்குடுத்தது சேலத்துல செவ்வாப்பேட்டை, கொலுசுப் பட்டறை வச்சிருக்கற குடும்பம். முப்பது சொச்சம் கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் தூரம். ஆனா அங்க ஸ்வெட்டர் போட்டுட்டு இருந்தவ இங்க வந்து ஏப்ரல் மாசத்துல கைக்குழந்தையோட ஃபேனுக்கு அடில உக்காந்திருந்தேன் பாருங்க, அப்ப வேற நாட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்துச்சு. வீட்ல எப்பவும் ஆள் இருக்கும். கீழ பட்டறை, பத்த வைக்கறவங்க, மெருகு போடறவங்க, மேல நாங்க. எல்லாரும் எங்கிட்ட பேசுவாங்க. பாப்பா குடிச்சாளா, வெளிக்கு போனாளா, டீ ஆறு பேருக்கு, அந்த பில் புக்க எங்க வச்ச. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பேசிட்டேதான் இருக்கேன், ஆனா படுக்கும்போது யோசிச்சுப் பாத்தா எனக்குன்னு ஒரு வார்த்தை யாரும் பேசியிருக்க மாட்டாங்க.

காப்பிச் செடி எப்படி பூக்கும்னு பாத்திருக்கீங்களா? மாசி பங்குனி வாக்குல ஒரு மழை பேயும், எட்டு பத்து நாள்ல மொத்த தோட்டமும் ஒரே நேரத்துல வெள்ளையா பூத்துரும், மல்லி மாதிரி ஒரு வாசனை வீட்டுக்குள்ள வரைக்கும் வரும், ரெண்டு மூணு நாள்தான், அப்பறம் பழுப்பா ஆயிரும். பாப்பாவுக்கு அஞ்சு மாசம் இருக்கும்போது அம்மா போன் பண்ணி "பூ வுட்டுருச்சு கண்ணு"ன்னாங்க. எனக்கு நெஞ்ச அடைச்சுருச்சு. அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடும்போது "ஏங்க, எங்கூர்ல காப்பி பூத்திருச்சாங்க"ன்னேன். நிமிந்து பாத்து "அப்படியா, இந்த வருசம் ரேட்டு நல்லா இருக்குமா?"ன்னு கேட்டாரு. தப்பாவே கேக்கல, அக்கறையாத்தான் கேட்டாரு, வெள்ளி வெலைய பாத்துப் பாத்து அவருக்கு எல்லாமே ரேட்டுதான். நான் ரசம் எடுக்கற மாதிரி சமையக்கட்டுக்குள்ள போயிட்டேன்.

அதுக்கும் மேல ஒண்ணு நடந்துச்சு. மே மாசம் கோடை விழாவுக்கு வேன் புடிச்சு குடும்பத்தோட ஏற்காடு போனோம். எங்கூருக்கு என்னையவே டூரிஸ்ட்டா கூட்டிட்டு போறாங்க, சரி, அம்மாவையாவது பாக்கலாம்னு சந்தோசமா இருந்தேன். வீடு ஏற்காட்டுல ஒண்டிக்கடைங்கற இடத்துக்கு கொஞ்சம் முன்னாடி, ரோட்டு மேலயே. அம்மா வாசல்ல நிக்கறாங்க, உள்ள காப்பி போட்டு வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். வேன்ல முன்சீட்டுல இருந்து "பூங்கால கூட்டம் ஆயிரும், வரும்போது பாத்துக்கலாம்"னு குரல் வந்துச்சு. நான் ஜன்னல்ல கைய ஆட்டுனேன், அம்மாவும் ஆட்டுனாங்க. அண்ணா பூங்கா, படகு, மிளகா பஜ்ஜி எல்லாம் முடிச்சு கிளம்புனா போலீஸ்காரர் நிறுத்தி ஒன்வேன்னுட்டாரு. விழா கூட்டம் ஜாஸ்தியா இருந்தா ஏறுறது அடிவாரம் வழி, இறங்கறது குப்பனூர் வழின்னு மாத்திருவாங்க. வரும்போது பாக்கறேன்னு சொன்ன வழிலயே நாங்க வரல. குப்பனூர் வந்து சேர்ற வரைக்கும் பாப்பாவ மடில போட்டுட்டு அழுதேன், அவர் திரும்பிப் பாத்து "என்ன, வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் இருக்கு"ன்னாரு.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், உங்க கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். ஏற்காடு வர்றவங்க தயவு செஞ்சு வளைவுல கார நிறுத்தி குரங்குக்கு சிப்ஸ் போடாதீங்க. நீங்க செல்ஃபி எடுத்துட்டு போயிருவீங்க, அது பழகிப்போய் எங்கம்மா வீட்டு ஓட்டப் பிரிச்சுட்டு அரிசி டப்பாவ உருட்டுது. அந்த வயசுல தடிய வச்சுட்டு வாசல்லயே உக்காந்திருக்காங்க. பாட்டில வேற காட்டுக்குள்ள வீசிட்டு போறீங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். ரெண்டு நாள் கழிச்சு அவர்கிட்ட சொன்னேன், அழாம, சண்டை போடாம, கணக்கு சொல்ற மாதிரி சொன்னேன். எனக்கு எலுமிச்சம்பழம் வேணாம், ஏன் அழுதேன்னு கேளுங்கன்னேன். "சொன்னாத்தானே தெரியும்"னாரு. சொல்லித்தான் தெரியணுமான்னு எனக்கு கோவம்தான், இன்னிக்கும் அந்த கோவம் இருக்கு. ஆனா அதுக்கப்பறம் பட்டறை லீவு நாள்ல நானும் பாப்பாவும் பஸ் ஏறி ஏற்காடு போறோம், சாயங்காலம் அவர் பைக்ல வந்து அம்மா போடற காப்பிய குடிச்சுட்டு திண்ணைல தூங்கறாரு. பேச்செல்லாம் பெருசா ஒண்ணும் கூடல. போன் இன்னும் அவர் கைலதான் இருக்கு. என்ன படிச்ச, என்ன நினைக்கறன்னு கேக்கற ஒரு ஆள் வேணும்ங்கற ஏக்கம் எனக்கு அப்படியேதான் இருக்கு, அத மறைச்சு உங்களுக்கு பொய் சொல்ல முடியாது. கூட படிச்ச பொண்ணு ஒருத்தி அஸ்தம்பட்டில இருக்கா, அவளுக்கு இப்ப தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பறேன். அவளும் இதே கதைதான்.

இன்னொண்ணு, இத மட்டும் சீரியஸா எடுத்துக்கங்க. பிரசவம் ஆன மொத ரெண்டு வாரம் காரணமே இல்லாம அழுகை வர்றது நெறைய பேருக்கு இருக்கும், அதுவா போயிரும். அதுக்கு மேலயும் தூக்கம் வராம, சோறு இறங்காம, குழந்தைய பாத்தா ஒண்ணுமே தோணாம, செத்துரலாம்னு நினைப்பு வந்தா அது ஏக்கம் இல்லங்க, வைத்தியம் பாக்க வேண்டிய விசயம். குழந்தை பொறந்து ஒரு வருசத்துக்குள்ள எப்ப வேணா வரலாம். 14416ன்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், டெலி மனஸ்னு பேரு, இருக்கு, காசு கிடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பெரியாஸ்பத்திரி மனநல ஓபிக்கு போனாலும் பாப்பாங்க. மாமியார் என்ன சொல்வாங்கன்னு பாக்காதீங்க, தடுப்பூசிக்கு போறேன்னு சொல்லிட்டு போங்க.

பேர் போடாமத்தான் எழுதியிருக்கேன். இருந்தாலும் கொலுசுப் பட்டறை, ஏற்காடுன்னு படிச்சதும் எங்க நாத்தனார் கண்டுபுடிச்சுருவாங்க. கண்டுபுடிக்கட்டும், அன்னிக்கு வேன்ல முன்சீட்டுல உக்காந்திருந்தது அவங்கதான்.