ரேகை அழிந்த விரல்

கேள்வி: கதைக்குக் கரு எங்கேயிருந்து கிடைக்கிறது உங்களுக்கு? (வாசகர், தேனி)

கரு எல்லா இடத்திலும் கிடைக்கும், கதைதான் கிடைக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெரு ரேஷன் கடையில் ஒரு பாட்டிக்கு மெஷினில் விரல் ரேகை பதியவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை, எதுவும் எடுபடவில்லை. "அம்பது வருசம் பாத்திரம் தேச்ச கை, ரேகை இன்னுமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே, "நாளைக்குப் பேரனைக் கூட்டிட்டு வாங்க பாட்டி" என்றார். அந்த ஒரு வரி என் நோட்டில் அப்படியே கிடக்கிறது. கதை இன்னும் வரவில்லை.

கேள்வி: ஏஐ ஐந்து நொடியில் சிறுகதை எழுதித் தருகிறதே, இனி உங்களுக்கு என்ன வேலை? (வாசகி, சேலம்)

இதே பாட்டியைக் கொடுத்துத்தான் நானும் சோதித்துப் பார்த்தேன். பிழையில்லாத தமிழில், மூன்று பக்கத்துக்குக் கதை வந்தது. அதில் மழை பெய்தது, பாட்டி அழுதார், கடைசியில் கடைக்காரர் மனம் திருந்தினார். நான் பார்த்த பாட்டி அழவே இல்லை, கடைக்காரரும் திருந்துகிற அளவுக்குக் கெட்டவர் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நம் வார இதழ்களில் பல வருடமாக இதே மழையும் இதே அழுகையும்தானே வந்துகொண்டிருக்கின்றன? மெஷினை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய.

கேள்வி: நாவல் ஒன்று 500 ரூபாய் என்றால் எங்களைப் போன்றவர்கள் எப்படி வாங்கிப் படிப்பது? (வாசகர், அரியலூர்)

நியாயமான கேள்வி, பதிப்பாளர் சார்பில் பேச நான் வரவில்லை. ஆனால் வீட்டுக்குச் சொத்து வரி கட்டுகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. அதை உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும், ஆகக் கிளை நூலகத்தில் இருக்கிற புத்தகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. இந்த ஏற்பாடு 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில், அதற்கு அடித்தளம் போட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அதற்கும் முன்னால், 1931இல், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூலகம் நடத்தியிருக்கிறார். வண்டி ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்துத் திரும்பும். மாடு இழுத்துக்கொண்டு வந்த புத்தகத்தை வாசல்படியில் நின்று வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று, பக்கத்துத் தெருவில் இருக்கிற நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றுகூடத் தெரியாமல் இருக்கிறோம். நானும் சேர்த்திதான். போன மாதம் எங்கள் கிளை நூலகத்தில் என் நாவலை எடுத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தேன், நான்கு வருடத்தில் மூன்று முத்திரை. அதில் ஒன்று நான் எடுத்தது.

போய் உறுப்பினராகச் சேருங்கள். நீங்கள் தேடுகிற நாவல் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள். நான்கு பேர் கேட்டால் அடுத்த முறை பட்டியல் போடும்போது அவருக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரும்.

கேள்வி: உங்கள் நூல்களும் ஒருநாள் நாட்டுடைமை ஆகுமா? (வாசகர், காரைக்குடி)

பாரதி பாடல்களுக்கு 1949இல் கிடைத்தது, புதுமைப்பித்தன் எழுத்துக்கு 2002 வரை ஆயிற்று. நாட்டுடைமை ஆகாவிட்டாலும் எழுதியவர் இறந்து 60 வருடம் கழிந்தால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால் எப்படியும் எனக்கு வழி இருக்கிறது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதுக்கு முன்னாடி முதல் பதிப்பு முன்னூறு பிரதி விக்குதான்னு பாருங்கப்பா" என்றாள் மகள்.