மரத்துக்குள் வானம் தெரிய வேண்டும்

மாடல் செய்பவர்களின் சின்ன மரங்கள், டயோரமா எனப்படும் சிற்றுருக் காட்சிகள் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன. அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில்தான் நீளம். மற்றவை சுருக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்ஓ என்ற மாதிரி ரயில் அளவில் ஒரு சிறிய ரயில் நிலையக் காட்சி செய்கிறேன். கம்பியில் மரம் முறுக்கி, பச்சை ஸ்பாஞ்சுத் தூள் ஒட்டினேன். எல்லா மரமும் குச்சியில் குத்திய பஞ்சு உருண்டை மாதிரி இருக்கிறது. எந்தத் தூள் வாங்கினால் சரியாகும்?

பதில்: தூளை மாற்ற வேண்டாம். குறை கிளையில் இருக்கிறது. பகலில் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். இலைகள் கொத்துக் கொத்தாக இருக்கும், கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் வானம் தெரியும். நம் கண் மரத்தை மரம் என்று கண்டுகொள்வது அந்த இடைவெளிகளால்தான். நீங்கள் முறுக்கிய மரத்தில் ஏழெட்டுக் கிளைகள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கிளை குறைவாக இருந்தால் இலை தங்க இடம் இல்லை, அந்தக் குறையை மறைக்கத் தூளை அப்புகிறோம். உடனே உருண்டை ஆகிவிடுகிறது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். எச்ஓ என்பது நிஜ அளவில் 87-இல் ஒரு பங்கு. 12 மீட்டர் உயர மரம் உங்கள் மேசையில் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் இருக்கும். அதற்குப் பழைய மின்வயரை உரித்து, 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு இழைகளில் 50 எடுத்துக்கொள்வேன். ஒவ்வொன்றும் 22 சென்டிமீட்டர் நீளம், ஏனென்றால் முறுக்கும்போது குறையும், வேருக்கும் கொஞ்சம் வேண்டும். அடியில் 3 சென்டிமீட்டர் விட்டு, அதற்கு மேல் அடிமரம் அளவுக்குக் குறடால் முறுக்குவேன். முதல் கிளைக்கு 10 இழைகளைப் பிரித்து, கொஞ்ச தூரம் முறுக்கி, ஆறும் நாலுமாகப் பிரிப்பேன். ஆறை மூன்றும் மூன்றுமாக, மூன்றை இரண்டும் ஒன்றுமாக. நுனியில் எப்போதும் ஒற்றை இழைதான். மிச்சமிருக்கும் 40 இழைகளோடு இன்னும் கொஞ்சம் மேலே போய், வேறு பக்கமாக அடுத்த கிளை. இப்படியே உச்சி வரை.

இந்த முறை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் மரங்களைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார்: எந்த உயரத்தில் பார்த்தாலும், அங்குள்ள கிளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் அடிமரத்தின் தடிமன் வரும் என்று. எல்லா மரத்துக்கும் அது துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் பெரும்பாலும் கிட்டத்தட்ட உண்மை. கம்பி முறுக்கும்போது இழைகள் எங்கும் தொலைந்துபோவதில்லை. 50 இழை அடிமரம் 50 நுனிகளாக விரிகிறது. அவர் சொன்ன கணக்கு கைக்குத் தெரியாமலேயே உள்ளே வந்துவிடுகிறது. முதல் தடவை இதைக் கவனித்தபோது அன்று செய்து முடித்த மரத்தை மேசை விளக்குக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முறுக்கு வரிகள் தெரியக் கூடாது. இரண்டு பங்கு வெள்ளைப் பசை, ஒரு பங்கு முகப்பவுடர், கொஞ்சம் அக்ரிலிக் பெயின்ட், மூன்றையும் குழைத்து அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் தூரிகையால் பூசுங்கள். காய்ந்தபின் இன்னொரு பூச்சு. இரண்டாவது பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது ஊசி முனையால் மேலிருந்து கீழாகக் கீறினால் பட்டை வந்துவிடும்.

கடைசியில்தான் இலை. தலையணைக்குள் இருக்கும் செயற்கைப் பஞ்சு இருக்கிறதே, அதில் சிட்டிகை எடுத்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும் அளவுக்குப் பிரித்து இழுங்கள். இழுத்தது போதும் என்று தோன்றியபின் இன்னொரு மடங்கு இழுங்கள். அடர்ந்த பழுப்பு நிறம் அடித்துக் காயவைத்து, கிளை நுனிகளில் மட்டும் மாட்டுங்கள். அடிமரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே நிழல், நிஜ மரத்திலும் அங்கே இலை குறைவு. ஹேர்ஸ்பிரே அடித்து, சல்லடையால் தூளைத் தூவுங்கள். முதலில் அடர்ந்த பச்சை, பிறகு நடுத்தரம், உச்சியில் மட்டும் வெளிர் பச்சை. தலைகீழாகப் பிடித்துத் தட்டி, ஒட்டாததை உதறிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் தூவலாமே என்று கை பரபரக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பச்சைப் பெயின்ட் எது அடித்தாலும் பொம்மைக் கடை மரம் போலவே தெரிகிறது. சரியான பச்சை எது?

பதில்: புட்டியில் இருப்பது போலவே அடித்த எந்தப் பச்சையும் சரிவராது. அதில் மஞ்சள் காவியைக் கலந்து, ஊசி முனையளவு சிவப்பும் சேருங்கள். பச்சையின் பளபளப்பு அடங்கிவிடும். தூரத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டிய மரத்துக்குக் கொஞ்சம் வெள்ளையும் நீலச் சாம்பலும் சேரலாம்.

இதைவிடப் பெரிய தவறு அடிமரத்தில் நடக்கிறது. சின்ன வயதில் கிரேயான் பெட்டியில் மரத்துக்கென்று ஒரு பழுப்புக் குச்சி இருந்தது, அதை நாம் இன்னும் விடவில்லை. வெளியே போய்ப் பாருங்கள், பெரும்பாலான மரப்பட்டை சாம்பல் நிறம். அதில் பச்சை படர்ந்திருக்கலாம், செம்மை ஓடியிருக்கலாம். சாக்லேட் பழுப்பு மிக அரிது. சாம்பல் அடித்து, தண்ணீராகக் கரைத்த கறுப்புப் பழுப்பை மேலே ஓடவிட்டு, காய்ந்தபின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் சாம்பலை மேலாக உரசுங்கள்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். 35-இல் ஒரு பங்கு அளவில் ஒரு பழைய லாரியும் பக்கத்தில் ஒரு மரமும் செய்கிறேன். ஸ்பாஞ்சுத் தூள் போட்டால் இலை மாதிரி இல்லையே, ஐயா?

பதில்: தம்பி, நீ கவனித்தது சரி. உன் அளவில் மனிதன் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் உயரம் இருப்பான். 15 சென்டிமீட்டர் நீள இலை 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதைக் கண் தனி இலையாகவே பார்க்கும், தூளை நம்பாது. 87-இல் ஒரு பங்கில் அதே இலை 2 மில்லிமீட்டர்கூட இல்லை, அங்கே தூள் போதும்.

மெல்லிய தாளின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பச்சை அடித்துக் காயவைத்து, சின்னச் சின்ன இலைகளாக வெட்டு. வேறொரு வழியும் உண்டு. பிர்ச் என்ற மரத்தின் காய்ந்த பூங்கதிரை விரலில் நசுக்கினால் சின்னச் செதில்கள் உதிரும், ஒவ்வொன்றும் மூன்று மடல் இலை போலவே இருக்கும். மாடல் செய்பவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் பொருள் அது. தரையில் கிடக்கும் சருகுக்குக் காய்ந்த இலைகளை நொறுக்கிச் சலித்துக்கொள். எல்லா இலையும் ஒரே பச்சையாக வேண்டாம், நாலைந்து மஞ்சளும் ஓட்டை விழுந்த ஒன்றிரண்டும் இருக்கட்டும். அப்புறம் ஒன்று: 12 மீட்டர் மரம் உன் அளவில் 34 சென்டிமீட்டர் வரும். பெட்டியின் உயரத்தை அளந்துவிட்டு ஆரம்பி. இடம் போதாவிட்டால் மரத்தைக் குட்டையாக்காதே. அடிமரத்தையும் முதல் கிளையையும் மட்டும் செய்து, மிச்சம் சட்டத்துக்கு வெளியே போவதுபோல் விட்டுவிடு.

கேள்வி: தரைக்கு நிஜ மண் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். வாணலியில் சூடாக்கி ஈரத்தையும் பூச்சியையும் போக்குங்கள், மெல்லிய துணியில் சலியுங்கள். 1 மில்லிமீட்டர் மணல்பரல் எச்ஓ அளவில் 9 சென்டிமீட்டர் கல்லாகிவிடும், அதனால் சலிப்பதில் சோம்பல் கூடாது. ரயில் ஓடும் காட்சி என்றால் மண்ணில் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது எஞ்சின் மோட்டாரில் போய் ஒட்டும். பசை பட்டால் மண்ணின் நிறம் அடர்ந்துவிடும், காய்ந்தாலும் முழுக்கத் திரும்பாது. முதலில் ஓரத்துண்டில் சோதித்துப் பாருங்கள். பசையில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்தால் மண்ணுக்குள் இறங்கும். சேர்க்காவிட்டால் முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

கேள்வி: குளத்துக்கு எபாக்ஸி ரெசின் ஊற்றப் போகிறேன். ஒரே தடவையில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். நான் ஊற்றியிருக்கிறேன். ஆறு வாரம் செய்த ஆற்றங்கரை, 2 சென்டிமீட்டர் ஆழம், ஒரே ஊற்று. ரெசின் இறுகும்போது சூடு பிறக்கும், ஆழம் கூடக் கூடச் சூடும் கூடும். காலையில் போய்ப் பார்த்தால் நடுவில் விரிசல், கரையில் இருந்த தெர்மோகோல் உருகி உள்வாங்கியிருந்தது, ஓரத்து டேப்பைத் தாண்டி ரெசின் மேசைக்கு வழிந்திருந்தது. அந்தக் கரையில் நட்டிருந்த நாணல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டியிருந்தேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு தடவையில் ஊற்றாதீர்கள். ஒன்று இறுகியபின் அடுத்தது. அதற்கு முன்பே அடித்தளத்தைப் பெயின்டாலும் பசையாலும் நன்றாக மூடி, ஓரங்களை அடைத்துவிடுங்கள். ஆழம் ரெசினால் வருவதில்லை, அடியில் அடிக்கும் நிறத்தால் வருகிறது: நடுவில் கரும்பச்சை, கரையை நெருங்க நெருங்க மண் நிறம். இதைச் சரியாகச் செய்தால் மொத்தம் இரண்டு அடுக்கே போதும். கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: டயோரமா என்ற சொல் எப்படி வந்தது?

பதில்: 1822-இல் பாரிஸில் லூயி தாகேர் திறந்த ஒரு காட்சிக்கூடத்தின் பெயர் அது. ஒளி ஊடுருவும் மிகப் பெரிய திரையில் இருபுறமும் ஓவியம் தீட்டி, முன்னிருந்தும் பின்னிருந்தும் வெளிச்சத்தை மாற்றி மாற்றி விட்டார்கள். பகல் இரவாவதைப் பார்வையாளர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். 1839-இல் அந்தக் கட்டடம் தீயில் போனது. அதே ஆண்டில்தான் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் வகைக்குக் விலங்குகளைப் பாடம் செய்யும் கலைஞர் கார்ல் ஏக்லி 1890-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் செய்த கஸ்தூரி எலிகளின் காட்சியை முன்னோடியாகச் சொல்வார்கள்.

சொல்லின் கதையில் நமக்கு உதவுவது ஒளிதான். எந்த விளக்கின் கீழ் காட்சியை வைக்கப் போகிறீர்களோ, அதே விளக்கின் கீழ் உட்கார்ந்து பெயின்ட் கலக்குங்கள். மஞ்சள் விளக்கில் கலந்த பச்சை வெள்ளை விளக்கின் கீழ் வேறு பச்சை.

கேள்வி: என் பெட்டியின் ஆழம் 40 சென்டிமீட்டர்தான். தொலைவு தெரியச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். முன்னால் 72-இல் ஒரு பங்கு மரங்கள், நடுவில் 87, பின்னால் 160. பின்னால் போகப் போக நிறம் வெளிறி நீலம் ஏற வேண்டும், விவரம் குறைய வேண்டும். பாதை நேராகப் போய்ச் சுவரில் முட்டக் கூடாது, வளைந்து ஒரு மேட்டுக்குப் பின்னால் மறையட்டும். பின்திரையின் வானத்தில் மரத்தின் நிழல் விழுந்தால் எல்லா உழைப்பும் போய்விடும், ஆகவே கடைசி வரிசைக்கும் திரைக்கும் இடையில் 5 சென்டிமீட்டராவது விடுங்கள்.

கேள்வி: எனக்கு 80 மரம் வேண்டும். கம்பி முறுக்கினால் ஆயுள் போதாது.

பதில்: எல்லாவற்றையும் முறுக்க வேண்டாம். கண்ணுக்கு அருகே வரும் ஆறு மரங்களை மட்டும் முறுக்குங்கள். மற்றவற்றுக்கு, மெல்லிய கிளைகளாகப் பிரியும் காய்ந்த செடிகளும் பூத்தண்டுகளும் போதும். முறியாமல் இருக்க ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு வெந்நீரும் கலந்து சில நாள் ஊறவையுங்கள். உலர் பாசியை மட்டும் முன்வரிசையில் வைக்காதீர்கள், அதன் கிளை தடித்தது, எந்த அளவிலும் அது பாசியாகவேதான் தெரியும்.

கேள்வி: நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு பெரிய மரம் இருந்தது. வெட்டிவிட்டார்கள். அம்மாவுக்காக அதைச் சின்னதாகச் செய்ய ஆசை. ஒரே ஒரு புகைப்படம்தான் இருக்கிறது, அதிலும் ஒரு பக்கம்தான் தெரிகிறது. முடியுமா?

பதில்: முடியும், செய்யுங்கள். படத்தில் வாசல் கதவு தெரிகிறதா? வீட்டுக் கதவு பொதுவாக 2 மீட்டரை ஒட்டி இருக்கும். மரம் எத்தனை கதவு உயரம் என்று அளந்தால் அளவு கிடைத்துவிடும். பிறகு படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, இலையை விட்டுவிட்டுக் கிளைகளை மட்டும் கோடாக வரையுங்கள். இலைக்குள் மறைந்த இடத்தை ஊகிக்க வேண்டாம், கோட்டை அங்கேயே நிறுத்துங்கள்.

அந்தத் தாளை அம்மாவிடம் காட்டி, விட்ட இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எந்தக் கிளையில் ஊஞ்சல் தொங்கியது, எது காற்றில் முறிந்தது, எந்தப் பக்கம் வண்டிக்காக வெட்டினார்கள் என்று அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் சேருங்கள். முறிந்த இடத்தை மழுப்பி அழகாக்காமல், முறிந்தபடியே செய்யுங்கள். இலையைக் குறைத்தே ஒட்டுங்கள், அப்போதுதான் நீங்கள் கேட்டு வரைந்த கிளைகள் வெளியே தெரியும். தெரியாத பக்கத்தை நீங்களாக இட்டு நிரப்பாமல், அந்தப் பக்கம் வீட்டுச் சுவரை ஒட்டி வரும்படி மரத்தை நடுங்கள். வாசல் படியை மறக்காதீர்கள். அம்மா எந்தப் படியில் உட்காருவார் என்று கேட்டுக்கொண்டு, மரத்தின் நிழல் அந்தப் படியில் விழும்படி விளக்கை வையுங்கள்.